1.5-க்கு மேலா, கீழா?

என் மேசையில், தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடை அளக்கும் மின்முனையின் நுனியில், ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு படிகம் பதிக்கப்பட்டிருக்கிறது. லாந்தனம் ஃப்ளோரைடு, அதில் சிறிதளவு யூரோப்பியம் கலந்திருக்கும். லாந்தனத்துக்கு மூன்று நேர்மின்னேற்றம், இந்த யூரோப்பியத்துக்கு இரண்டு. லாந்தனம் இருக்க வேண்டிய இடத்தில் யூரோப்பியம் உட்காரும்போது, கணக்கு நேராவதற்காகப் படிகத்துக்குள் ஒரு ஃப்ளோரைடின் இடம் காலியாகிறது. பக்கத்து ஃப்ளோரைடு அந்தக் காலியிடத்துக்குத் தாவுகிறது. அது விட்டுவந்த இடத்துக்கு அடுத்தது தாவுகிறது. குளோரைடால் உள்ளே நுழைய முடியாது, உருவம் பெரியது. சல்பேட்டுக்கும் நைட்ரேட்டுக்கும் அதே கதிதான். ஃப்ளோரைடு மட்டுமே நடமாடக்கூடிய சுவர் அது. சுவரின் இரு பக்கமும் ஃப்ளோரைடின் செறிவு வேறுபட்டால் ஒரு மின்னழுத்தம் பிறக்கும். அதைத்தான் மில்லிவோல்ட் கணக்கில் படிக்கிறோம்.

மார்ட்டின் ஃபிராண்ட், ஜேம்ஸ் ராஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதை 1966-இல் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தார்கள். அதற்கு முன்பு தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று நம்பிக்கையாகச் சொல்ல வேண்டுமென்றால், மாதிரியை அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சி வடிக்க வேண்டும். வடிந்த நீரில் தோரியம் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காண வேண்டும். 1933-இல் வில்லார்டும் விண்டரும் வகுத்துக் கொடுத்த முறை அது. அருமையான வேதியியல்தான், ஆனால் ஒரு மாதிரிக்கே நேரம் போய்விடும். படிகம் வந்தபின் அதே வேலை சில நிமிடங்களில் முடிகிறது.

நான் வேதியியல் உணரிகள் செய்யும் தொழிலில் இருக்கிறேன். படித்தது பகுப்பாய்வு வேதியியல், பிறந்தது தருமபுரி மாவட்டம். இந்த இரண்டையும் அறிந்தவர்கள் நான் ஏன் ஃப்ளோரைடில் வந்து நின்றேன் என்று கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் காவிக் கோடு படிந்த பற்களோடு சிரிக்கத் தயங்கும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பற்கள் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், குடித்த, ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரின் பதிவு அது. பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதைவிடக் கொடியது எலும்பில் சேர்வது. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்பும் முதியவர்களை நான் அறிவேன். வெறும் மூட்டுவலி என்றே பல ஆண்டுகள் அதற்கு மருந்து சாப்பிட்டிருப்பார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த துயரமும் அல்ல. இந்தியாவில் ஃப்ளோரைடு நோய் முதன்முதலில் அறிவியல் இதழில் ஏறியது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திலிருந்து. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராக இருந்த ஷார்ட்டும், அவருடன் பண்டிட், ராகவாச்சாரி ஆகியோரும் எழுதியது. இந்த பண்டிட்தான் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஆனார். மனிதரின் எலும்பில் கண்ட நோயைக் கிணற்றுத் தண்ணீரின் வேதியியலோடு முடிச்சுப் போட்டவர்கள் அவர்கள். மருத்துவமும் சூழலும் தனித்தனித் துறைகள் என்று நம் கல்லூரிகள் இன்னும் பிரித்துவைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டுரை எனக்கு நினைவுக்கு வரும். என் மேசையில் உள்ள படிகத்துக்கு அந்தப் பிரிவு கிடையாது. காலையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அளக்கும், மாலையில் அந்தத் தண்ணீரைக் குடித்தவரின் சிறுநீரை அளக்கும். உடலுக்குள் போன ஃப்ளோரைடில் ஏறத்தாழப் பாதி, பெரியவர்களுக்குச் சிறுநீரில் வெளியேறிவிடும். குழந்தைகளுக்கு அவ்வளவு வெளியேறாது, வளரும் எலும்பு இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு குழந்தையின் சிறுநீரில் எண் குறைவாக வந்தால், உள்ளே போனதும் குறைவு என்று உடனே முடிவு கட்டக்கூடாது.

நான் இங்கே சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. உணரியின் அருமை அது எவ்வளவு சிறிய அளவைக் காண்கிறது என்பதில் இல்லை. அழுக்கான, கலப்படமான, உண்மையான மாதிரிக்குள் இறங்கும்போதும் அது உண்மையைச் சொல்கிறதா என்பதில் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இந்த இரண்டாவது கேள்விக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறிய அட்டவணைதான் ஒதுக்கப்படுகிறது. அது எனக்குப் பெரிய மனக்குறை.

முதலில் எங்கள் ஊர்த் தண்ணீரையே எடுத்துக்கொள்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பாறை சார்னோக்கைட், நைஸ் வகையைச் சேர்ந்தது. அதில் உள்ள பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் போன்ற கனிமங்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. தண்ணீர் ஆழத்தில் நெடுங்காலம் பாறையோடு பழகப் பழக, கரைந்து வருகிறது. ஆனால் எவ்வளவு கரைந்து நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது கால்சியம். கால்சியமும் ஃப்ளோரைடும் சேர்ந்தால் எளிதில் கரையாத உப்பாகிப் படிந்துவிடும். ஆகவே கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில்தான் பெரும்பாலும் ஃப்ளோரைடு ஏறி நிற்கிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஆனால் இந்தப் போக்கு பல இடங்களில் தெரியும்.

இதன் விளைவை ஒரு பாட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் வீட்டுப் பக்கத்துப் போர்வெல்லில் ஃப்ளோரைடின் அளவு, அனுமதிக்கப்பட்ட எல்லையான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டி நன்றாகவே மேலே இருந்தது. தெருவின் மறுகோடியில் இருந்த அடிகுழாயில் அவ்வளவு இல்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமே என்றேன்.

"அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, கண்ணு. சோப்பு நுரைக்காது. குடித்தால் நாக்கில் கரிக்கும். இதில் பருப்பு பூவாக வேகும். இதைப் போய்க் கெட்ட தண்ணீர் என்கிறாயே?"

"பாட்டி, பருப்பு வேகாததற்குக் காரணமான சுண்ணாம்புச் சத்துதான் ஃப்ளோரைடைப் பிடித்து வைத்திருக்கிறது. அது இல்லாத தண்ணீரில்தான் இது தப்பித்து மேலே வருகிறது."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அப்படியானால் சமையலுக்கு ஒன்று, குடிக்க ஒன்றா? யார் இரண்டு குடம் சுமப்பது?" என்றார்.

ஃப்ளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் ஆவியாகச் செறிவுதான் கூடும். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரைத் தரம் பிரிக்கக் கையாண்ட நாக்கு, கண், பருப்பு ஆகிய மூன்று சோதனைகளுமே இங்கே தவறான பக்கத்தைக் காட்டக்கூடும். அதனால்தான் உணரி வேண்டும் என்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டு, காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டங்களுக்கும் வந்தது பெரிய ஆறுதல். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் எல்லோரும் போர்வெல்லுக்குத்தான் போகிறார்கள்.

சரி, அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து மின்முனையை அப்படியே முக்கினால் போதுமா? போதாது. ஃப்ளோரைடு மட்டுமே நுழையும் என்று சொன்ன அந்தச் சுவருக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஹைட்ராக்சைடு அயனி கிட்டத்தட்ட ஃப்ளோரைடின் அளவே இருக்கும், மின்னேற்றமும் அதே. தண்ணீர் காரத்தன்மை கொண்டதாக இருந்தால் அதுவும் படிகத்தோடு வினைபுரிந்து பொய்யாக எண்ணைக் கூட்டும். அமிலத்தன்மை கூடினால் வேறு தொல்லை: ஃப்ளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமாக மாறி மின்முனையின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், பிஎச் 5-க்கும் 5.5-க்கும் இடைப்பட்ட குறுகிய சந்தில்தான் வேலை செய்ய வேண்டும். இதற்காக மாதிரியோடு சம அளவு சேர்க்கும் தாங்கல் கரைசலை ஆய்வகத்தில் டிசாப் என்போம். அசிட்டிக் அமிலம், சமையலுப்பு, அதோடு சி.டி.டி.ஏ. என்ற ஒரு கொக்கி மூலக்கூறு.

அந்தக் கொக்கிக்கு வேலை அலுமினியத்தைப் பிடிப்பது. அலுமினியமும் இரும்பும் ஃப்ளோரைடை இறுகக் கட்டிக்கொள்ளும். கட்டுண்ட ஃப்ளோரைடை மின்முனை காணாது. இதில் ஒரு கொடுமை இருக்கிறது. ஃப்ளோரைடை நீக்க நம் நாட்டில் உருவான நல்கொண்டா முறை, படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிய வைப்பது. நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கிய, எளிய, மலிவான முறை. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் படிகாரம் என்றால் அலுமினியம். சரியாகத் தெளியாத தண்ணீரில் கரைந்த அலுமினியம் தங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொக்கி இல்லாமல் அளந்தால், கட்டுண்ட பங்கு கணக்கில் வராது, எண் அழகாகக் குறைந்து நிற்கும். சுத்திகரிப்பு வென்றுவிட்டது என்று காகிதத்தில் எழுதிவிடலாம். தண்ணீரில் மொத்த ஃப்ளோரைடோ அங்கேயேதான் இருக்கும். எதை நீக்கினோமா என்று பார்க்க அளக்கிறோமோ, அதை நீக்கச் சேர்த்த பொருளே அளவைக் கெடுக்கிறது. மாணவர்களுக்கு உணரிப் பாடம் எடுக்கும்போது நான் வேறெதையும் விட இதைத்தான் அதிக நேரம் பேசுவேன்.

அடுத்தது மில்லிவோல்ட் கணக்கு. 25 டிகிரி செல்சியஸில் ஃப்ளோரைடு பத்து மடங்கு மாறினால் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். பத்து மடங்குக்கு 59 என்றால், இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்க எல்லையாக வைத்திருக்கும் 1.0 மில்லிகிராமுக்கும், வேறு வழியில்லாதபோது அனுமதிக்கும் 1.5 மில்லிகிராமுக்கும் இடையே எவ்வளவு? வெறும் 10 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல். ஒரு மில்லிவோல்ட் பிசகினால் முடிவு ஏறத்தாழ 4 விழுக்காடு பிசகும். குளிரூட்டிய அறையில் 25 டிகிரியில் அளவுத்திருத்தம் செய்த கருவியை மே மாத வெயிலில் ஊருக்கு எடுத்துப் போனால், 35 டிகிரியில் அந்த 59 என்பது 61-ஐத் தொட்டுவிடுகிறது. ஒப்பீட்டு மின்முனையும் கூடவே நகர்கிறது. ஆகவே களத்தில் எந்த வெப்பநிலையோ, அதே வெப்பநிலையில் நிற்கும், ஃப்ளோரைடு அளவு முன்பே தெரிந்த நியமக் கரைசல்களை வைத்து அங்கேயே மறுபடியும் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் உணரி என்பதே பாதி இந்த அலுப்புதான். அதை உதவியாளரிடம் தள்ளிவிடும் ஆய்வாளர்களை எனக்குப் பிடிக்காது.

இப்போது மிகச் சிறிய அளவுகளின் மோகத்துக்கு வருகிறேன். 1.5 மில்லிகிராம் ஃப்ளோரைடு என்பது லிட்டருக்கு 79 மைக்ரோமோல். லாந்தனம் ஃப்ளோரைடு மின்முனை ஒரு மைக்ரோமோல் வரை காணும். தேவைக்கு மேல் பல மடங்கு இறங்கிவிட்டது, 1966-லேயே. இதன் பிறகும் மைக்ரோமோலில் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோமோல் அளவில் ஃப்ளோரைடைக் கண்டுபிடித்தோம் என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பலவும் கரிமக் கரைப்பானில், தண்ணீரே இல்லாமல் செய்யப்பட்ட சோதனைகள். ஃப்ளோரைடைத் தண்ணீர் மூலக்கூறுகள் மிக இறுக்கமாகச் சூழ்ந்திருப்பதால்தான் அதைப் பிடிப்பது கடினம். அந்தக் கடினத்தையே எடுத்துவிட்டுச் செய்த சோதனை, எங்கள் பாட்டியின் குடத்துக்கு என்ன சொல்லும்? ஈயம் என்றால் கதை வேறு. அதன் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 48 நானோமோல். அங்கே நுண்ணிய கண் கட்டாயம் வேண்டும். எந்தப் பொருளுக்கு எந்த எல்லை முக்கியம் என்று முதலில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால், பாதி ஆய்வேடுகளின் திசையே மாறிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

தண்ணீரில் தவறான எண் மெதுவாகத்தான் தீங்கு செய்யும். இரத்தத்தில் அப்படி அல்ல. குளுக்கோமீட்டரின் கதையைச் சொல்லாமல் உயிரிய உணரிகளைப் பற்றிப் பேச முடியாது. லேலண்ட் கிளார்க் 1950-களில் இரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் மின்முனையைச் செய்தார். இதய அறுவை சிகிச்சையில் இரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் கருவிகளில் பணியாற்றியவருக்கு அது உடனடித் தேவை. பிளாட்டினத்தின் மேல் ஒரு பாலித்தீன் படலம். ஆக்சிஜன் மட்டும் கடந்து வரும், புரதங்கள் வெளியே நின்றுவிடும். 1962-இல் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் அதன் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை வைத்தார்கள். நொதி குளுக்கோஸைத் தின்னும்போது ஆக்சிஜனையும் செலவழிக்கும். குறைந்த ஆக்சிஜனிலிருந்து குளுக்கோஸைக் கணக்கிடலாம். இவ்வளவுதான் யோசனை. உலகம் முழுதும் விரல் நுனியில் ஊசி குத்திப் பார்க்கும் பழக்கத்துக்கு அதுவே வேர்.

ஆக்சிஜனை நம்பியிருந்தது தொல்லையானது. இரத்தத்தில் அதன் அளவு ஏறி இறங்கும். 1984-இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கிரான்ஃபீல்டு ஆய்வாளர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக ஃபெரோசீன் வகைச் சேர்மத்தை எலெக்ட்ரான் சுமக்க வைத்தார்கள். 1987-இல் பேனா வடிவில் ஒரு மீட்டர் கடைக்கு வந்தது. அடுத்து சிலர் ஆக்சிஜன் பக்கமே போகாத வேறொரு நொதியை, பி.கியூ.கியூ. துணையுடன் இயங்கும் குளுக்கோஸ் டிஹைட்ரோஜினேஸை, இரத்தம் வைக்கும் சோதனைப் பட்டையில் பூசினார்கள். வேகமானது, துணிவானது. ஆனால் அந்த நொதிக்குக் குளுக்கோஸ் மட்டும் போதாது, மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையையும் தின்னும்.

நம்மில் பெரும்பாலோர் இரத்தத்தில் மால்டோஸ் கிடையாது. அதனால் பட்டை பரிசோதனைகளில் தேறிவிட்டது. சிறுநீரகம் செயலிழந்து வயிற்றுறை வழியாக டயாலிசிஸ் செய்துகொள்ளும் சில நோயாளிகளுக்கு மட்டும் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற கரைசல் செலுத்தப்படும். அது உடலில் சிதைந்து மால்டோஸாகும். அவர்கள் விரலில் இரத்தம் எடுத்தால் மீட்டர் சர்க்கரை மிக அதிகம் என்று காட்டும். இன்சுலின் போடுவார்கள். உண்மையான சர்க்கரையோ ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டபோது, 1997 முதல் அதுவரை இப்படி 13 மரணங்கள் தன் கவனத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னது. அந்தக் கருவிகள் பழுதாகியிருக்கவில்லை. வேதியியல் எதைச் செய்யுமோ அதையே செய்தன. எந்த மனிதரின் இரத்தம் அதில் வந்து விழும் என்பதை வடிவமைத்தவர்கள் முழுமையாக எண்ணிப் பார்க்கவில்லை.

நம் ஊருக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. குளுக்கோமீட்டரில் வைப்பது முழு இரத்தம். அதில் சிவப்பணுக்கள் குறைந்தால், பட்டைக்குள் குளுக்கோஸ் எளிதாகப் பரவி, பழைய வகைப் பட்டைகளில் எண் உண்மையைவிடக் கூடுதலாக வரும். சிவப்பணு மிகுந்த பச்சிளம் குழந்தைகளுக்கு எதிர்த்திசையில் குறைத்துக் காட்டும். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரைக்குச் சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னின்று பரப்பிய எளிய சோதனைதான் அரசு வழிகாட்டுதலிலும் இருக்கிறது: 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது, டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை, பஸ் பிடித்து வரும் பெண்ணை மறுநாள் வரச் சொல்ல வேண்டியதில்லை. இந்த எண்ணத்தின் கருணையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அந்த 140-ஐக் காட்டுவது குளுக்கோமீட்டர்தான். பன்னாட்டுத் தரமோ 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 விழுக்காடு வரை கூடக்குறைய இருக்க மீட்டர்களுக்கு இடம் கொடுக்கிறது. அதாவது 140 என்ற உண்மையான எண் 119 முதல் 161 வரை எதுவாகவும் திரையில் வரலாம்; அது விதிமீறல் அல்ல. இதோடு இரத்தசோகையும் சேர்ந்தால்? புதிய மீட்டர்கள் பல, சிவப்பணு அளவையும் தாமே கணித்துத் திருத்திக்கொள்கின்றன. அந்த வசதி உண்டா என்று கேட்டு வாங்க வேண்டியது, கொள்முதல் செய்பவர்களின் பொறுப்பு. மலிவு விலை ஒன்றையே பார்த்து வாங்கினால் அந்தச் செலவை ஒரு தாய் சுமப்பாள்.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுக்கிறார்கள். இது மிக நல்ல ஏற்பாடு. தண்ணீர் சுமப்பவர்களே தண்ணீரை அளப்பது எனக்கு மனநிறைவு தருகிறது. அந்தப் பெட்டிகளில் ஃப்ளோரைடுக்குப் பெரும்பாலும் சிர்கோனியம் சார்ந்த சாயம் இருக்கும். ஃப்ளோரைடு வந்து சிர்கோனியத்தைப் பிடுங்கிக்கொண்டால் இளஞ்சிவப்பு மங்கி மஞ்சளாகும். நிறம் கலைவதை வைத்து முடிவு சொல்லும் முறையின் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு, ஏனென்றால் நிறத்தைக் கலைக்க வேறு பலராலும் முடியும்: சல்பேட், பாஸ்பேட், பிளீச்சிங் பவுடரின் குளோரின். படிகாரம் சேர்த்த தண்ணீரில் சல்பேட் இருக்கத்தான் செய்யும்.

ஆகவே நாங்கள் பிடித்திருப்பது, ஃப்ளோரைடு வந்தால் புதிதாக நிறம் தோன்றும் வினை. 1959-இல் பர்மிங்காமில் பெல்ச்சர், லியோனார்ட், வெஸ்ட் ஆகிய மூவரும் அறிவித்தது. அலிசரின் காம்ப்ளெக்சோன் என்ற சாயத்தோடு லாந்தனம் அல்லது சீரியம் சேர்ந்த சிவப்பு, ஃப்ளோரைடைக் கண்டால் ஊதா கலந்த நீலமாகும். ஃப்ளோரைடையே உள்ளே சேர்த்துக்கொண்டு பிறக்கும் நிறம் என்பதால் எனக்கு அதன் மேல் பிடிப்பு. இதை வடிதாளில் உலர்த்தி, மெழுகால் வட்டம் கட்டி, ஒரு சொட்டு தண்ணீர் விட்டு, போனில் படமெடுத்துப் படிக்கச் செய்ய வேண்டும். சொல்வது எளிது. கண்ணாடிக் குடுவையில் இந்த வினைக்கு அசிட்டோன் சேர்த்தால்தான் நிறம் ஆழமாகும். காகிதத்தில் அசிட்டோன் எப்படித் தங்கும், ஆவியாகிவிடுமே. அதற்கு மாற்று தேடித்தான் எங்கள் நேரமெல்லாம் போகிறது. அடுத்து, அதே காகிதத்தில் தாங்கல் உப்பும் உலர்ந்து இருக்க வேண்டும்; எங்கள் ஊர்த் தண்ணீரின் பைகார்பனேட்டை அந்தச் சிறிய வட்டத்தில் உள்ள உப்பு சமாளிக்க வேண்டும். வாய்க்கால் நீரில் நன்றாக நடந்தது, ஆழ்துளைத் தண்ணீரில் நீலமே வராமல் போகலாம். அலுமினியத் தொல்லை இங்கேயும் நம்மை விடாது. அதற்குக் கொக்கி போட்டால், அந்தக் கொக்கி லாந்தனத்தையும் பிடுங்கிவிடும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் வரும் இந்த முடிச்சுதான் எங்கள் அன்றாடம்.

போன் படத்துக்கும் ஒரு சிக்கல். அங்கன்வாடித் திண்ணையின் வெளிச்சம் ஒன்று, வேப்பமரத்தடியின் வெளிச்சம் வேறு; மரத்தடியில் எல்லாமே பச்சையாக விழும். அதற்காக ஒவ்வொரு பட்டையிலும் மூன்று மாதிரி நிறங்களை அச்சிட்டு, பக்கத்தில் வைத்து ஒப்பிடச் செய்கிறோம். எண்ணை மூன்றாம் தசமம் வரை காட்டலாமே என்று எங்கள் மென்பொருள் இளைஞர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ஐந்து பெண்களுக்கும் தேவையான பதில்கள் மூன்று: 1-க்குக் கீழே, 1.5-க்கு மேலே, நடுவில். நடுவில் வந்தால் மாதிரியை மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தாளால் பிரித்தறிய முடியாத இடத்தில் தசமம் காட்டுவது பொய் சொல்வதாகும்.

பட்டைகள் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்ற சோதனையை இந்தக் கோடையில் குளிர்பெட்டிக்கு வெளியே, தகரப் பெட்டிக்குள் மொட்டைமாடியில் வைத்து நடத்துகிறோம். கிராமத்தில் அவை வாழப்போகும் இடம் அதுதான்.

எங்களுக்கு இப்போது வேண்டியது, எங்கள் தாளைத் திணறவைக்கும் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் இருப்பவர்கள், குறிப்பாக நிறம் சிவந்து வரும் இரும்பு மிகுந்த போர்வெல், படிகாரம் இட்டுத் தெளியவைத்த தொட்டி, பருப்பு நன்றாக வேகும் கிணறு, இவற்றில் எது இருந்தாலும் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். நீங்களே எடுத்து வைப்பதானால் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள், கண்ணாடி வேண்டாம். மோட்டாரைப் போட்டுச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். கிணற்றின் ஆழம், எடுத்த தேதி, கடைசியாக எப்போது மழை பெய்தது என்பதை மேலே ஒட்டிய தாளில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும்.